மூன்றாவது பாட்டு ஏன் சின்னதாகக் கேட்டது

போன வருடம் ஆடி மாதத்தில் சென்னையைச் சேர்ந்த ஒரு ராக் குழுவின் ஐந்து பாட்டுகளை மிக்ஸ் செய்து (தனித்தனியாகப் பதிவானவற்றைக் கலந்து), மாஸ்டரும் (வெளியிடும் முன் செய்கிற கடைசி மெருகு) நானே செய்து கொடுத்தேன். நான்கு பாட்டுகள் இரண்டாவது சுற்றிலேயே முடிந்துவிட்டன. மூன்றாவது பாட்டு மட்டும் ஐந்து வாரம் இழுத்தது. அதில் நான்கு வாரம் நான் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். எங்கே தேடினேன், ஏன் அங்கே தேடினேன், கடைசியில் எது கிடைத்தது என்பதை ஒன்று விடாமல் எழுதி வைக்கிறேன். இந்தத் தொழிலில் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிற யாருக்கும் இதே குழி காத்திருக்கிறது.

குழுவில் நான்கு பேர். பாடுகிறவர் கிட்டாரும் வாசிப்பார். இன்னொரு கிட்டார், பேஸ் (அடிச்சுரம் வாசிக்கிற கிட்டார்), டிரம்ஸ். நால்வரும் வேலைக்குப் போகிறவர்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற ஜாம் ரூமில் வார இறுதிகளில் பயிற்சி. டிரம்ஸை எட்டு மைக் வைத்து ஒரே நாளில் பதிவு செய்திருந்தார்கள். கிட்டாரும் பேஸும் பெரம்பூரில் பேஸ் வாசிக்கிறவரின் வீட்டில். குரல், துணி பீரோவுக்கும் சுவரில் சாய்த்த மெத்தைக்கும் நடுவில். இப்படி எடுத்ததைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. பெரிய ஸ்டுடியோவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடிய குரலைவிட, பீரோ ஓரத்தில் பயமில்லாமல் பாடிய குரல் எனக்குப் பலமுறை மேலாகக் கிடைத்திருக்கிறது.

மூன்றாவது பாட்டு மற்ற நான்குக்கும் பிறகு எழுதப்பட்டது. அதனால் மூன்று வாரம் கழித்துத் தனியாக ஒரு நாளில் பதிவானது. இதை அவர்கள் முதல் பேச்சிலேயே சொன்னார்கள். நானும் நோட்டில் எழுதி வைத்தேன். எழுதியதோடு சரி.

பேசிய தொகை, பாட்டுக்கு மிக்ஸ் 8,000, மாஸ்டர் 2,000. ஐந்துக்கும் சேர்த்து 50,000, பாதி முன்பணம், பாட்டுக்கு மூன்று திருத்தம் வரை கட்டணம் இல்லை. ஆளுக்கு 12,500 சம்பளத்திலிருந்து போட்டார்கள். இந்தக் கணக்கு எப்போதும் என் மனதில் இருக்கும். எந்தக் கம்பெனியும் பின்னால் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அதை முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுத் தயாரித்தவருக்குத்தான். 60 ஆண்டுகளுக்கு அது அவர்களுடையது. எனக்குக் கூலியும், பாட்டின் கீழே பெயரும். அது நியாயம்தான் என்பது என் கருத்து.

வந்து சேர்ந்தவை

மூன்றாவது பாட்டில் 31 ட்ராக், அதாவது தனித்தனிப் பதிவு. அவற்றில் பேஸ் இரண்டு ட்ராக்காக வந்தது. ஒன்று டிஐ, அதாவது பேஸ் கிட்டாரிலிருந்து ஒயர் வழியாக நேராக எடுத்த சத்தம். இன்னொன்று ஆம்பின் (சத்தத்தைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) முன்னால் மைக் வைத்து எடுத்தது. ராக் மிக்ஸில் இது வழக்கமான ஏற்பாடு. டிஐயிலிருந்து அடிச்சத்தமும் தெளிவும் வரும். ஆம்ப் ட்ராக்கிலிருந்து கரகரப்பும் காற்றும் வரும். இரண்டையும் கலந்தால்தான் பேஸ் முழுதாகும்.

கலக்கும்போது பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. டிஐ உடனே வந்துவிடும். மைக்கோ ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்கவேண்டும். சென்னை வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். 25 செ.மீ. தூரத்துக்கு 0.7 மில்லி நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நொடியை 48,000 சாம்பிளாக நறுக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அது 34 சாம்பிள். இந்தச் சின்னத் தாமதம் சில சுரங்களைக் கூட்டும், சிலவற்றைத் தின்னும். இதைத்தான் ஃபேஸ் பிரச்சினை என்கிறோம்.

முதல் பாட்டில் இதை ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு ட்ராக்கையும் பெரிதாக்கி, அலையின் ஏறுமுகம் ஒன்றாக வருகிறதா என்று பார்த்து, ஆம்ப் ட்ராக்கை முன்னால் நகர்த்தினேன். அந்த செஷனையே (கணினியில் அந்தப் பாட்டின் வேலைக்கோப்பு) அச்சாக வைத்து மற்ற நான்கு பாட்டுகளின் ட்ராக்குகளை அதில் இறக்கினேன். அதே பேஸ், அதே ஆம்ப், அதே அறை என்று ஃபேஸை மறுபடி பார்க்கவில்லை. மூன்றாவது பாட்டு வேறு நாள் என்பது நோட்டில் இருந்தது, மண்டையில் இல்லை.

முதல் இரண்டு சுற்று

முதல் மிக்ஸை அனுப்பிய இரவே பேஸ் வாசிக்கிறவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. “அண்ணா, மத்ததெல்லாம் நல்லா இருக்கு. மூணாவதுல மட்டும் என் பேஸ் மூக்கால பாடுற மாதிரி இருக்கு.” பாடகர் வேறு மாதிரி சொன்னார். “மத்த பாட்டெல்லாம் நெஞ்சுல அடிக்குதுண்ணா. இது மட்டும் பக்கத்துத் தெருவுல வாசிக்கிற மாதிரி இருக்கு.”

இரண்டுமே துல்லியமான நோய்க்குறிகள். வைத்தியர் கையில் இதைவிட நல்ல வர்ணனை கிடைக்காது. நானோ அவற்றை ஈக்யூவுக்கான (சத்தத்தின் அடி, நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) கட்டளையாக எடுத்துக்கொண்டேன். மூக்கு என்றால் 700 ஹெர்ட்ஸ் பக்கம் என்று தெரியும். அங்கே 4 டெசிபல் குறைத்தேன். நெஞ்சில் அடிக்கவேண்டும் என்றால் 80 ஹெர்ட்ஸ். அங்கே 5 டெசிபல் ஏற்றினேன். மூக்கு குறைந்தது. ஆனால் பேஸும் சேர்ந்து குறைந்தது. 80ல் எவ்வளவு ஏற்றினாலும் மீட்டர் ஆடியதே தவிர உடம்பில் எதுவும் படவில்லை.

என் அறையைப் பற்றியும் சொல்லவேண்டும். 11 அடிக்கு 10 அடி. இந்த அளவுள்ள அறையில் 52, 57 ஹெர்ட்ஸ் பக்கங்களில் சுவருக்குச் சுவர் அலை கட்டி நிற்கும். இடது வலது சுவர்களுக்குச் சரியான நடுவில் நாம் உட்காருவதால் அகலவாட்டு அலை நம் காதில் மட்டும் காணாமல் போகும். மூலைகளில் ஒலியை உறிஞ்சும் கல் கம்பளி நிரப்பிய சட்டங்கள் வைத்திருக்கிறேன். இருந்தாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே என் அறை சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை, ஹெட்போனில் சரிபார்ப்பேன். ஆடி மாதத்தில் அதுவும் கஷ்டம். தெருமுனை அம்மன் கோவில் ஸ்பீக்கர் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்குத்தான் ஓயும். அதனால் பத்துக்கு மேல்தான் வேலை. பகலெல்லாம் எல்.ஆர். ஈஸ்வரியின் குரலைக் கேட்ட காது, இரவு பதினொரு மணிக்கு அடிச்சத்தத்தைச் சரியாக எடைபோடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே மூன்றாவது பாட்டின் மெலிவுக்கு என் அறையும் களைப்பும் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எல்லாப் பழியையும் சுமந்துகொள்ள அறை எப்போதும் தயாராக இருக்கும்.

இரண்டாவது சுற்றில் வேறு வழி எடுத்தேன். பேஸ் தராத எடையைக் கிட்டாரிலிருந்து எடுப்போம் என்று கிட்டார்களின் 150, 200 ஹெர்ட்ஸ் பகுதியைக் கூட்டி, ஃபேடரையும் (ஒரு ட்ராக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகோல்) ஏற்றினேன். பாட்டு கொஞ்சம் தடித்தது. ஆனால் குரல் உள்ளே போய்விட்டது.

விட்டு, விடு

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். தமிழில் பாடுகிற ராக் குழுவோடு வேலை செய்கிற எவரும் மோதுகிற சுவர் இது.

சென்னையில் ஒலிப்பதிவு என்றாலே சினிமாப் பாட்டு. சினிமா மிக்ஸில் குரல் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். நம் காது அதற்குப் பழகியது. ராக்கில் குரல் கிட்டார்களுக்குள்ளே நிற்கும், சத்தச் சுவரின் ஒரு செங்கல் மாதிரி. ஆங்கிலத்தில் பாடும்வரை நம்மூர்க் கேட்பவர்கள் இதைக் கேள்வி கேட்பதில்லை. தமிழில் பாடியதும் “வார்த்தை புரியல” என்கிறார்கள். அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த அந்த இசைக்கு உயிராக இருந்தது சொல்தான். சொல் காதில் விழாமல் அந்த மேடைக்குப் பொருளே இருந்திருக்காது.

எங்கள் மூன்றாவது பாட்டின் பல்லவியில் “விட்டு” என்ற சொல் நான்கு முறை வருகிறது. இரண்டாவது மிக்ஸைக் கேட்ட டிரம்மரின் அம்மா, “என்னடா, விடு விடுன்னு கத்துறான்?” என்று கேட்டிருக்கிறார். அதை டிரம்மர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத் தூக்கம் போயிற்று.

“விடு”வுக்கும் “விட்டு”வுக்கும் என்ன வேறுபாடு? “விடு”வில் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டதும் விலகிவிடும், குரலும் அறாமல் ஓடும். “விட்டு”வில் நாக்கு அங்கேயே ஒட்டி நிற்கும். மூச்சு அடைபடும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மௌனம். பிறகுதான் வெடிப்பு. பாடு, பாட்டு. எடு, எட்டு. படம், பட்டம். பொருளைப் பிரிப்பதில் அந்தக் குட்டி மௌனத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நம் வல்லினம் இரட்டிக்கும் ஒவ்வொரு இடத்திலும் இதே கதைதான்.

இப்போது மிக்ஸில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குரலில் கம்ப்ரஸர் (பெருஞ்சத்தத்தை அமுக்கிச் சமன்செய்யும் கருவி) போடுகிறோம். சத்தம் குறைந்ததும் அது கையை விட்டுவிடும், அந்த மௌனத்தில் இருந்த ஃபேன் சத்தமும் அறை எதிரொலியும் மேலே வரும். அதன்மேல் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போடுகிறோம். “வி”யின் வால் நீண்டு அதே மௌனத்தை நிரப்பும். பின்னால் டிஸ்டார்ஷனில் கரகரக்கும் நான்கு கிட்டார்கள் ஒரு வினாடி கூட வாயை மூடுவதில்லை. மௌனம் போய்விட்டது. மிச்சம் இருப்பது “விடு.”

முதலில் குரல் ஃபேடரை 2 டெசிபல் ஏற்றிப் பார்த்தேன். சொல் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் டிரம்ஸ் சுருங்கியது, ராக் பாட்டு மெல்லிசைக் கச்சேரி போல ஆனது. குழுவுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

பிறகு செய்தது பலித்தது. கம்ப்ரஸரின் ரிலீஸை, அதாவது அது கையை விடும் வேகத்தை, மெதுவாக்கினேன், மௌனத்தில் குப்பை எழவில்லை. ரிவெர்ப்பைக் குரலே அமுக்கும்படி கட்டினேன். பாடும்போது ரிவெர்ப் அடங்கி, வரி முடிந்த பிறகு மலரும். கிட்டார்களில் 2 முதல் 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை, குரல் வரும்போது மட்டும் 2 டெசிபல் குனியும்படி வைத்தேன். வல்லினத்தின் வெடிப்பு அங்கேதான் காதுக்குப் படுகிறது. கடைசியாக, பாட்டு முழுக்க ஒவ்வொரு “ட்ட”, “க்க”, “த்த”வையும் தேடிப்போய் வெடிப்பை மட்டும் கையால் ஒன்றரை டெசிபல் தூக்கினேன். 46 இடம். ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே போனது. இதைச் செய்துதர எந்தப் ப்ளகினும் (ஒலி மென்பொருள்) இல்லை. எழுத்து எழுத்தாகக் கேட்டால்தான் உண்டு.

அம்மாவுக்கு “விட்டு” கேட்டது. பாட்டு மட்டும் இன்னும் சின்னதாகவே இருந்தது.

மாஸ்டரில் போட்ட ஒட்டு

மிக்ஸ் பல ட்ராக்குகளை இடது, வலது என்று இரண்டாக்கும் வேலை. மாஸ்டர் அந்த இரண்டை வெளியுலகத்துக்குத் தயார் செய்கிற வேலை. ஐந்து பாட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கிறதா, செல்போனிலும் காரிலும் நிற்கிறதா, சத்தம் போதுமா என்று பார்ப்பது. அந்தக் காலத்தில் இது வேறு ஆள், வேறு அறை, பெரும்பாலும் வேறு ஊர். இப்போது பணம் இல்லாத குழுக்களுக்கு இரண்டையும் ஒரே ஆள் செய்கிறோம். நானும்தான்.

மாஸ்டரில் ஐந்தையும் ஏறக்குறைய −9.5 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்தேன், உச்சம் −1 டெசிபல். நான்கு பாட்டுகளில் லிமிட்டர் (உச்சத்தைத் தாண்டவிடாமல் அமுக்கும் கருவி) 2, 3 டெசிபல் அமுக்கியதும் அந்த அளவு வந்துவிட்டது. மூன்றாவதில் 7 டெசிபல் அமுக்கவேண்டி வந்தது. அந்த முள் என் கண்முன்னே கத்திக்கொண்டிருந்தது. நான் வேறு லிமிட்டர் மாற்றிப் பார்த்தேன்.

காரணத்தைப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எல்யூஎஃப்எஸ் அளவு 2006ல் வந்த பிஎஸ்.1770 என்ற சர்வதேச அளவுமுறையிலிருந்து வருவது. மனிதக் காது போல நடந்துகொள்ள, அது அடிச்சத்தத்தைக் குறைத்தும் மேல்பகுதியைக் கூட்டியும் எண்ணும். லிமிட்டருக்கு அந்த நாசூக்கு கிடையாது, உச்சத்தை மட்டும்தான் பார்க்கும். நான் 80 ஹெர்ட்ஸில் திணித்ததெல்லாம் லிமிட்டரின் வாயை அடைத்ததே தவிர, அளவுமானியில் அவ்வளவாக ஏறவில்லை, காதிலும் ஏறவில்லை. அடிச்சத்தம் லிமிட்டரை உதைக்கும்போதெல்லாம் டிரம்ஸின் ஸ்னேரும் கிக்கும் சேர்ந்து நசுங்கின.

நசுங்கிய பாட்டைக் கேட்பவர் வீட்டுக்கு அனுப்பினால் இன்னொரு இழப்பு. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அமைப்பு −14ஐ இலக்காக வைத்துச் சத்தமான பாட்டைக் குறைத்துத்தான் ஒலிபரப்பும். ஆப்பிள் மியூசிக் −16. நாம் அமுக்கிச் சேர்த்ததில் ஸ்பாட்டிஃபை மட்டுமே 4.5 டெசிபலைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். நசுங்கல் மட்டும் மிஞ்சும். நன்றாக மூச்சுவிடும் நான்கு பாட்டுக்கு நடுவில் மூச்சுத்திணறும் ஒரு பாட்டு சின்னதாகத்தான் கேட்கும்.

மாஸ்டர் மேல் பழி விழுந்த பெரிய வழக்கு ஒன்று உண்டு. 2008ல் மெட்டாலிக்கா ராக் குழுவின் டெத் மேக்னடிக் ஆல்பம் வந்தபோது சத்தம் உடைந்திருக்கிறது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் அதே பாட்டுகள் அவ்வளவு அமுங்காமல் வந்திருந்ததால் பக்கத்தில் வைத்துக் காட்டமுடிந்தது. தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் நசுங்கித்தான் இருந்தது என்று அதை மாஸ்டர் செய்த டெட் ஜென்சன் ஒருவருக்கு எழுதிய மின்னஞ்சல் வெளியே வந்தது. அவருக்காவது அப்படிச் சொல்ல இன்னொரு ஆள் இருந்தார். என் அறையில் மிக்ஸ் செய்தவனும் நான், அதை வாங்கிய மாஸ்டரும் நான். வேறு ஒருவரின் மிக்ஸ் இப்படி வந்திருந்தால், “பேஸில் ஏதோ கோளாறு, பார்த்துவிட்டு அனுப்புங்கள்” என்று அரை மணி நேரத்தில் திருப்பியிருப்பேன். என்னுடையது என்பதால் ஒட்டுப்போட்டேன். மிக்ஸில் மறைத்ததை மாஸ்டரில் நானே என்னிடமிருந்து இன்னொரு முறை மறைத்தேன். ஐந்து வாரத் தாமதத்தின் வேர் இதுதான்.

பத்து நொடி

நான்காவது வாரக் கடைசியில் பேஸ் வாசிக்கிறவர் நேரில் வந்தார். கோபம் எதுவும் இல்லை. “அண்ணா, என் பேஸை மட்டும் ஒருதடவ போட்டுக் காட்டுங்களேன்” என்றார். அவ்வளவுதான்.

டிஐயை மட்டும் போட்டேன். கனமாக, உருண்டையாக இருந்தது. அவர் தொடையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே தலையாட்டினார். ஆம்பை மட்டும் போட்டேன். அதுவும் கனம், கொஞ்சம் கரகரப்பு. மறுபடி தலையாட்டினார். இரண்டையும் சேர்த்தேன்.

விரல் நின்றது. அடி காணாமல் போய், மூக்கு மட்டும் இருந்தது.

இரண்டு ட்ராக்கையும் பெரிதாக்கினேன். ஒன்றில் அலை மேலே ஏறும் இடத்தில் இன்னொன்றில் கீழே இறங்கியது. அது வெறும் தாமதம் இல்லை, பொலாரிட்டி தலைகீழ். ஒரு ட்ராக் ஸ்பீக்கரின் காகிதத்தை முன்னால் தள்ளச் சொல்கிறது, மற்றது அதே கணத்தில் பின்னால் இழுக்கச் சொல்கிறது. காகிதம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆம்ப் ட்ராக்கில், அலையைப் புரட்டிப்போடும், வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட பொத்தானை அமுக்கினேன். அறையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. அவர் சொன்னார், “இதுதாண்ணா நான் வாசிச்சது.”

மூக்குக்கும் இதிலேயே விடை இருந்தது. இந்தப் பாட்டில் கீழ்க்கம்பியை டி (D) என்ற சுரம் வரை இறக்கியிருந்தார்கள். பேஸின் கீழ் டி 36.7 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 73.4. அங்கே 0.7 மில்லி நொடித் தாமதம் பெரிதில்லை, வெறும் 19 பாகை. ஆகவே தலைகீழான இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய முழுதாகத் தின்றுவிட்டன. 700 ஹெர்ட்ஸிலோ அதே தாமதம் அரைச் சுற்று. தலைகீழும் அரைச் சுற்றும் சேர்ந்தால் நேராகிவிடும், அங்கே இரண்டும் கூடிக்கொண்டன. முதல் நாள் குரல் பதிவில் அவர் சொன்ன மூக்கு, கணக்குப்படி 700 ஹெர்ட்ஸில் இருந்தது.

இந்தக் கோளாறு வழக்கமான சோதனைகளில் சிக்காது என்பதையும் சொல்லவேண்டும். நாங்கள் ஃபேஸ் பார்க்க, இடது வலதை ஒன்றாக்கும் மோனோ பொத்தானை அமுக்குவோம், இடது வலது ஒத்துப்போகிறதா என்று காட்டும் முள்ளைப் பார்ப்போம். இரண்டு பேஸ் ட்ராக்கும் நட்டநடுவில் இருந்தன. மோனோவிலும் ஸ்டீரியோவிலும் ஒரே மாதிரிதான் கேட்கும், முள்ளும் எல்லாம் சரி என்றே காட்டும். ஒவ்வொன்றாகப் போட்டு, பிறகு சேர்த்துப் போட்டுக் கேட்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. ஈக்யூவும் இங்கே உதவாது. ஒன்றுக்கொன்று கழிந்துபோன பிறகு எதை ஏற்றுவது?

பிரித்துக் கட்டியது

பொத்தானை அமுக்கியதோடு வேலை முடியவில்லை. நான்கு வாரமாக அந்தக் கோளாறைச் சமாளிக்கச் செய்த ஒவ்வொன்றும் இப்போது தப்பாகிவிட்டது. 80 ஹெர்ட்ஸ் ஏற்றம், 700 இறக்கம், கிட்டாரின் தடிப்பு, அதைத் தாண்ட ஏற்றிய குரல், குரலைத் தாண்ட ஏற்றிய ஸ்னேர். ஃபேடர்களையெல்லாம் கீழே இழுத்துவிட்டு, டிரம்ஸும் பேஸும் மட்டும் வைத்து மறுபடி தொடங்கினேன். ஆம்ப் ட்ராக்கை 34 சாம்பிள் முன்னால் நகர்த்தினேன். பேஸில் போட்ட ஈக்யூ ஒன்றே ஒன்று, 250 பக்கம் ஒரு சின்னக் குறைப்பு.

கிட்டார்களைச் சேர்க்கும்போது நான்கில் இரண்டு தேவையே இல்லை என்று தெரிந்தது. பேஸ் தன் இடத்தில் நின்றதால் சரணத்தில் இடது ஒன்று, வலது ஒன்று போதும். மிச்ச இரண்டும் பல்லவியில் மட்டும் வரும்போது பல்லவி திறந்துகொண்டது. இதைக் குழுவிடம் கேட்டுத்தான் செய்தேன். வாசித்ததை எடுப்பது அவர்கள் முடிவு. இரண்டாவது கிட்டார்காரர் ஒருமுறை கேட்டுவிட்டு, “எடுத்துடுங்கண்ணா, பாட்டு பெருசாயிடுச்சு” என்றார். ட்ராக்கைக் குறைத்ததும் பாட்டு பெரிதாவதை முதல்முறை பார்க்கிறவரின் முகம் எனக்குப் பிடிக்கும்.

46 இடங்களில் தூக்கிய வல்லினத்தில் பாதியைத் திரும்ப இறக்கினேன். மறைப்பது குறைந்ததால் தூக்கவேண்டிய தேவையும் குறைந்தது. குரல் ஃபேடர் முதல் மிக்ஸில் இருந்த இடத்துக்கே வந்து நின்றது. “விட்டு”, “விட்டு”வாகவே இருந்தது.

மொத்தம் மூன்றரை மணி நேரம். மாஸ்டரில் இலக்கைக் கொஞ்சம் தளர்த்தி ஐந்தையும் −10.5க்கு இறக்கினேன். மூன்றாவது பாட்டில் லிமிட்டர் இரண்டரை டெசிபலுக்கு மேல் தொடவில்லை. மற்ற நான்கோடு வரிசையாகப் போட்டுக் கேட்டால் எந்த இடத்திலும் கை சத்தக் குமிழுக்குப் போகவில்லை.

நான்காவது திருத்தம் ஒப்பந்தப்படி காசுக்குரியது. வாங்கவில்லை. தாராளம் என்று யாரும் நினைக்கவேண்டாம். ட்ராக்குகள் வந்த அன்று பார்த்திருக்கவேண்டியதை நான் பார்க்கவில்லை. அவர்கள் ஐந்து வாரம் காத்திருந்தது என்னால்.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கம் மாறியது. எந்தப் பாட்டு வந்தாலும், ஒரே கருவியை இரண்டு மைக்கோ அதற்கு மேலோ எடுத்திருந்தால், ஜோடி ஜோடியாகத் தனியாகவும் சேர்த்தும் கேட்காமல் மிக்ஸைத் தொடங்குவதில்லை. கிக்கின் உள்ளும் வெளியும், ஸ்னேரின் மேலும் கீழும், டிஐயும் ஆம்பும். பத்து நிமிடம் போதும். அச்சு செஷனில் பாட்டுக்குப் பாட்டு இது மறுபடி நடக்கும். இரண்டாவது, என் மிக்ஸை நான் மாஸ்டர் செய்வதை நிறுத்திவிட்டேன். பெங்களூரில் இதே வேலை பார்க்கும் நண்பர் ஒருவரோடு மாற்று ஏற்பாடு. அவர் மிக்ஸை நான் மாஸ்டர் செய்கிறேன், என்னுடையதை அவர். குழுவுக்கு அதே தொகைதான். அவர் இதுவரை என் மிக்ஸ் இரண்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இரண்டு முறையும் அவர் சொன்னது சரி.

ஒரு கேள்வி மட்டும் பாக்கியிருந்தது. மற்ற நான்கு பாட்டில் நேராக இருந்தது மூன்றாவதில் மட்டும் ஏன் தலைகீழானது? கடைசிப் ஃபைல்களை வாங்க வந்தபோது பேஸ் வாசிக்கிறவர் தன் பையிலிருந்து ஒரு மைக் ஒயரை எடுத்துக் கொடுத்தார். அந்த மூன்று வார இடைவெளியில் பழைய ஒயர் அறுந்துபோக, ரிச்சி ஸ்ட்ரீட்டில் கனெக்டர் வாங்கி அவரே சால்டர் வைத்துச் செய்தது. மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்தேன். மைக் ஒயரின் இரு முனையிலும் மூன்று பின் (ஊசி) உண்டு, எண்ணுக்கு எண் சேரவேண்டும். ஒன்றாம் பின்னுக்கு ஒன்று, பீப். இரண்டுக்கு இரண்டு, சத்தமில்லை. இரண்டுக்கு மூன்று, பீப்.

மூடியைத் திருகித் திறந்தோம். சிவப்பும் வெள்ளையும் இடம் மாறியிருந்தன. சால்டர் மட்டும் அவ்வளவு சுத்தம், மணி மணியாகப் பளபளத்தது. இரும்பைச் சூடாக்கி இரண்டையும் பிரித்து, மாற்றி வைத்து, ஊதி ஆறவைத்தேன். திரும்ப மீட்டர். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. அவர் ஒயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆறு மணி பயிற்சிக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.